தரவுத்தளக் குவெரிகளில் தேதி வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கத்தின் எடுத்துக்காட்டுகள், ஒரு கடையின் ‘பில்கள்’ என்னும் டேபிளையும் அதிலுள்ள ‘பில்_தேதி’ என்னும் புலத்தையும் வைத்தே அமைந்துள்ளன. கட்டளைச் சொற்கள் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. குவெரியில் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளையில்) தட்டும்போது அவற்றை வழக்கமான ரோமன் எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். ஏனெனில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் தமிழில் புலப்பெயரை ஏற்றுக்கொண்டாலும், தமிழில் ஆணையிட்டால் கேட்பதில்லை.

என் டேபிளில் தேதி எந்த வடிவத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது?

எந்த வடிவத்திலும் இல்லை. புலத்தின் வகை டேட் அல்லது டேட்டைம் எனில், உள்ளே இருப்பவை வெறும் எண்கள். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை, 1900 ஜனவரி 1 முதல் கழிந்த நாள்களை ஓர் எண்ணாகவும், நள்ளிரவு முதல் கழிந்த நேரத்தை நொடியில் 300-இல் ஒரு பங்கு என்னும் அலகில் மற்றோர் எண்ணாகவும், ஆக மொத்தம் 8 பைட்டுகளில் வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரஸ் 2000 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்டு நாள்களை எண்ணுகிறது. ஆரக்கிளின் டேட் வகை, நூற்றாண்டில் தொடங்கி நொடி வரை ஏழு கூறுகளுக்கு ஏழு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பெயர் டேட் என்றிருந்தாலும் அதனுள் நேரமும் அடக்கம் என்பதை ஆரக்கிளுக்குப் புதிதாக வருவோர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் ‘15-மார்ச்-24’ என்றோ ‘2024-03-15’ என்றோ தெரிவது, குவெரியை இயக்கும் கருவி தன் அமைப்புக்கேற்பப் போட்டுக்காட்டும் வேடமே. ‘தேதியை நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவத்திலேயே சேமித்துவிடுங்கள்’ என்று மேலாளர் கேட்டால், அதற்குப் புலத்தை வர்கார் (எழுத்துச் சரம்) வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று பணிவுடன் சொல்லலாம். அப்படி ஏன் மாற்றக் கூடாது என்பதற்கான காரணங்கள் இப்பக்கம் முழுவதும் விரவிக் கிடக்கின்றன.

எஸ்கியூலைட் மட்டும் விதிவிலக்கு. அதில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. எழுத்துச் சரமாகவோ, ஜூலியன் நாள் எண்ணாகவோ (வானியலாளர் பயன்படுத்தும் தொடர் நாள் எண்ணிக்கை), யூனிக்ஸ் நொடிக் கணக்காகவோ (1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகள்) நாமே தெரிவு செய்து சேமிக்க வேண்டும். சரமாகச் சேமிப்பதென்றால் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையைத் தவிர வேறு எதையும் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

தேதியை விரும்பிய வடிவில் காட்ட எந்தச் சார்பை (ஃபங்ஷனை) பயன்படுத்துவது?

மைஎஸ்கியூஎல்லில் டேட்_ஃபார்மேட், ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் டு_சார், எஸ்கியூலைட்டில் எஸ்டிஆர்எஃப்டைம், எஸ்கியூஎல் சர்வரில் கன்வெர்ட், 2012 பதிப்பு முதல் ஃபார்மேட் என்னும் சார்பும் உண்டு. கன்வெர்ட்டுக்கு வடிவத்தை எழுத்தால் சொல்ல முடியாது, எண்ணால்தான் சொல்ல வேண்டும்: 101 என்றால் அமெரிக்க முறை, 103 என்றால் நமக்குப் பழக்கமான நாள்/மாதம்/ஆண்டு, 105 என்றால் அதுவே இடைக்கோடுகளுடன், 112 என்றால் இடைவெளியே இல்லாத எட்டு இலக்கம். மாநகரப் பேருந்துத் தட எண்களைப் போல இவற்றையும் தினமும் ஏறி இறங்குபவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். ஃபார்மேட் எழுதுவதற்கு எளிது. ஆனால் அது டாட்நெட் நூலகத்தைத் துணைக்கு அழைப்பதால், இலட்சக்கணக்கான பதிவுகள் மீது இயங்கும்போது கன்வெர்ட்டைவிடக் கண்கூடாகவே மெதுவாக இருக்கும்.

நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாப் பில்லிலும் 03 என்றே வருகிறது. ஏன்?

கேள்வி மார்ச் மாதத்தில் கேட்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் மாதத்துக்கு எம்எம், நிமிடத்துக்கு எம்ஐ. மணிக்கு எச்எச்24 என்று எழுதிய கை, அடுத்ததாகத் தன்னையறியாமல் எம்எம் என்று தட்டிவிடும். விளைவாக, 14:52:27-க்குப் போட்ட பில் 14:03:27 என்று அச்சாகும். மார்ச் முழுவதும் கடையின் எல்லா வியாபாரமும் மூன்றாம் நிமிடத்திலேயே நடந்ததாகவும், ஏப்ரலில் அது நான்காம் நிமிடத்துக்கு நகர்ந்ததாகவும் அறிக்கை சொல்லும். எழுத்தை நேரமாக மாற்றும் டு_டேட்டில் எம்எம் இருமுறை வந்தால் ஆரக்கிள் பிழை காட்டித் தடுத்துவிடுகிறது. டு_சார் அவ்வாறு தடுப்பதில்லை. மாதத்தை இரண்டு இடத்தில் காட்டச் சொன்னால் அதுபாட்டுக்கு இரண்டு இடத்திலும் காட்டும்.

மற்றத் தரவுத்தளங்களில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். எஸ்கியூலைட்டில் சதவீதக் குறிக்குப் பின் சிறிய எம் வந்தால் மாதம், பெரிய எம் வந்தால் நிமிடம். எஸ்கியூஎல் சர்வரின் ஃபார்மேட்டில் இது அப்படியே தலைகீழ்: பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். மைஎஸ்கியூஎல்லில் சிறிய எம் மாத எண், பெரிய எம் மாதத்தின் முழுப்பெயர். நிமிடத்துக்கோ ஐ என்னும் எழுத்து. ஒரே புரோகிராமர் ஒரே நாளில் இந்த மூன்றிலும் வேலை செய்ய நேர்ந்தால், அன்று மாலை அவரிடம் யாரும் மணி கேட்காமல் இருப்பது நலம்.

தேதியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் என்ன ஆகும்?

கணக்குப் போடப்படும். 2024-03-15 என்பதை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் தரவுத்தளத்தின் கண்ணுக்கு அது கழித்தல்: 2024-இலிருந்து 3-ஐயும் 15-ஐயும் கழித்தால் 2006. போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் தேதியை எண்ணோடு ஒப்பிட மறுத்துப் பிழை காட்டிவிடும். எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் புலமோ அந்த 2006-ஐ மரியாதையாக ஏற்றுக்கொண்டு, 1900 ஜனவரி 1-இலிருந்து 2006 நாள்கள் எண்ணி, 1905 ஜூன் 30-க்குப் போய் நிற்கும். 15/03/2024 என்று சாய்கோட்டுடன் எழுதியிருந்தால் அது வகுத்தல். முழு எண் வகுத்தலின் விடை 0. அதாவது 1900 ஜனவரி 1. ‘பில்_தேதி >= 15/03/2024’ என்னும் குவெரி பிழையே காட்டாமல் கடை திறந்த நாள் முதலான எல்லாப் பில்களையும் கொட்டிவிடும். இப்படிப்பட்ட குவெரியைச் சோதிக்கும்போது ‘பதிவுகள் வந்தன’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் தவறு தெரியாது. வந்தவற்றுள் மிகப் பழைய தேதி எது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘03/04/2024’ என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதுதான் இதிலுள்ள முழுச் சிக்கலும். எஸ்கியூஎல் சர்வர், இணைப்பில் நுழைந்த பயனரின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது: அமெரிக்க ஆங்கிலம் எனில் மார்ச் 4, பிரிட்டிஷ் ஆங்கிலம் எனில் ஏப்ரல் 3. போஸ்ட்கிரஸ் தன் டேட்ஸ்டைல் அமைப்பைப் பார்க்கிறது. ஆரக்கிளில் என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட் என்னும் அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. குவெரி ஒன்றே, தரவும் ஒன்றே. ஆனால் உங்கள் கணினியில் ஒரு விடையும் வாடிக்கையாளரின் சர்வரில் வேறொரு விடையும் வரும். ‘என் மெஷினில் சரியாகத்தான் ஓடுகிறது’ என்னும் புகழ்பெற்ற வாக்குமூலம் பொய்யாக இல்லாமல் இருக்கும் அரிய தருணங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பிழையின் கெட்ட குணம், அது உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதுதான். நாளும் மாதமும் இடம் மாறினாலும், மாதத்தின் 12-ஆம் தேதி வரை கிடைப்பது செல்லுபடியாகும் வேறொரு தேதியே. ஆகவே குவெரி ஓடும், தவறான பதிவுகளைத் தரும். 13-ஆம் தேதியன்று 13-ஆம் மாதத்தைத் தேடும்போதுதான் பிழைச்செய்தி வரும். ஜனவரி 1, பிப்ரவரி 2 என்று தொடங்கி டிசம்பர் 12 வரையிலான பன்னிரண்டு நாள்களில் மட்டும் இரண்டு முறைகளும் ஒத்துப்போகும். அவற்றைக் கழித்துவிட்டால், ஓர் ஆண்டில் 132 நாள்கள் இந்தப் பிழை வாய் திறக்காமல் தவறு செய்யக்கூடியவை.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் குவெரியில் ‘#’ குறிகளுக்கிடையே எழுதும் தேதியை அமெரிக்க முறையிலேயே படிக்கும். ஆனால் 13/04/2024 என்று எழுதிவிட்டால், 13-ஆம் மாதம் இல்லாததால் ‘நாளைத்தான் சொல்கிறார் போலும்’ என்று தானே ஊகித்து ஏப்ரல் 13 என்று எடுத்துக்கொள்ளும். பிழை காட்டியிருந்தால் பன்னிரண்டு நாளில் பிடித்திருக்கலாம்; இந்த உபகார குணத்தால் அதுவும் போயிற்று.

தீர்வு, ஆண்டை முதலில் எழுதுவது. ஐஎஸ்ஓ 8601 என்னும் தரம் 1988-இலேயே இதற்காக வெளிவந்துவிட்டது. இருந்தும் எஸ்கியூஎல் சர்வரில் ஒரு வலை உண்டு: பழைய டேட்டைம் வகையில், பிரிட்டிஷ் மொழி அமைப்பின்கீழ், ‘2024-03-04’ என்பதைக்கூட அது ஆண்டு-நாள்-மாதம் என்று படித்து ஏப்ரல் 3 ஆக்கிவிடும். தேதியை அந்த வரிசையில் எழுதுவோர் மிக அரிது. அங்கே ‘20240304’ என்று இடைக்கோடில்லாமல் எழுதினால் எந்த மொழி அமைப்பிலும் ஒரே பொருள்தான். 2008-இல் வந்த டேட், டேட்டைம்2 ஆகிய புதிய வகைகளுக்கு இந்தக் கோளாறு இல்லை.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, குவெரியில் தேதியைச் சரமாக ஒட்டவே ஒட்டாமல், பாராமீட்டராக (குவெரியின் எழுத்துக்கு வெளியே, தனி மதிப்பாக) அனுப்புவது. தேதி தேதியாகவே போய்ச் சேரும், ஊகத்துக்கு இடமில்லை, எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கும் (உள்ளீட்டில் கட்டளையை ஒளித்து அனுப்பும் தாக்குதல்) அதே கதவில் பூட்டு விழும்.

மாத அறிக்கைக்கு வேர் (where, நிபந்தனை சொல்லும்) பகுதியில் டேட்_ஃபார்மேட்டைப் பயன்படுத்தலாமா?

விடை சரியாகவே வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கீழே உள்ளது, பலரும் முதலில் எழுதும் குவெரி:

வேர் டேட்_ஃபார்மேட்(பில்_தேதி, '%ஒய்-%எம்') = '2024-03'

பில்_தேதியில் இன்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் வரிசைப் பட்டியல்) இருந்தாலும் அது இங்கே உதவாது. இன்டெக்ஸில் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பவை தேதிகள். நாம் தேடுவதோ ஒவ்வொரு தேதியையும் சரமாக மாற்றிய பிறகு கிடைக்கும் வேறொன்றை. ஆகவே தரவுத்தளம் டேபிளின் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒவ்வொன்றையும் எடுத்து, வடிவமைத்து, ஒப்பிட்டு, பெரும்பாலானவற்றைத் தூக்கி எறியும். அதையே இப்படி எழுதலாம்:

வேர் பில்_தேதி >= '2024-03-01' அண்ட் பில்_தேதி < '2024-04-01'

இப்போது இன்டெக்ஸில் மார்ச் தொடங்கும் இடத்துக்கு நேரே போய், ஏப்ரல் தொடங்கும் இடம் வரை படித்தால் போதும். ஆயிரம் பில்களில் வேறுபாடு தெரியாது. கோடிப் பில்களில், முதல் குவெரியை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போய் வரலாம். இரண்டாவது குவெரி அந்த வாய்ப்பைத் தருவதில்லை என்பதே அதன் ஒரே குறை. டு_சார் மீதே இன்டெக்ஸ் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. போஸ்ட்கிரஸ் அதற்கு ஒப்புக்கொள்ளாது. டு_சாரின் விடை மொழி முதலிய அமைப்புகளைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், மாறாத சார்புகளுக்கே இன்டெக்ஸ் என்று திருப்பி அனுப்பிவிடும்.

பிட்வீன் பயன்படுத்தி மாதத்தின் கடைசி நாள் வரை எடுத்தால் சில பில்கள் விடுபடுகின்றன. ஏன்?

‘பிட்வீன் '2024-03-01' அண்ட் '2024-03-31'’ என்பதில் இரண்டாவது எல்லை, மார்ச் 31-இன் நள்ளிரவு 00:00 மணி. அன்று காலை கடை திறந்த பிறகு போட்ட எந்தப் பில்லும் அதற்குள் வராது. இதைக் கண்டுபிடித்தவுடன் பலரும் எல்லையை 23:59:59 என்று நீட்டுவார்கள். பிறகு அரை நொடி ஞாபகம் வந்து 23:59:59.999 என்று ஆக்குவார்கள். எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் வகை ஆயிரத்தில் ஒரு நொடியைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. கடைசி இலக்கம் 0, 3, 7 என்பவற்றுக்கே முழுமையாக்கப்படும். ஆகவே அந்த .999 மேல்நோக்கி முழுமையாகி ஏப்ரல் 1, 00:00 ஆகிவிடும். உங்கள் புலத்தில் நேரமில்லாமல் வெறும் தேதி மட்டும் பதிவாகியிருந்தால், ஏப்ரல் 1-ஆம் தேதியின் மொத்த வியாபாரமும் மார்ச் கணக்கில் வந்து உட்காரும். முந்தைய கேள்வியில் காட்டியபடி, தொடக்கத்துக்கு >=, அடுத்த மாதத்தின் முதல் நாளுக்கு < என்று எழுதினால் பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்ற ஆராய்ச்சியும் தேவைப்படாது.

ஆர்டர் பை கொடுத்தும் தேதிகள் வரிசையாக வரவில்லையே?

குவெரியை நிதானமாகப் பாருங்கள்:

செலக்ட் டேட்_ஃபார்மேட்(பில்_தேதி, '%டி/%எம்/%ஒய்') ஆஸ் பில்_தேதி ஃப்ரம் பில்கள் ஆர்டர் பை பில்_தேதி

வடிவமைத்த சரத்துக்கும் மூலப் புலத்துக்கும் ஒரே பெயர். ஆர்டர் பை பகுதியில் செலக்ட்டில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால், வரிசைப்படுவது சரம். 01/01/2024, 01/02/2024, 01/03/2024, 02/01/2024 என்று எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதிகளும் முதலில் வந்துவிடும். வேறு பெயர் வையுங்கள், அல்லது ‘ஆர்டர் பை பில்கள்.பில்_தேதி’ என்று டேபிளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

நள்ளிரவுக்குப் பின் போட்ட பில்கள் முந்தைய நாளில் சேர்ந்துவிடுகின்றன. இது வடிவமைப்புப் பிழையா?

இல்லை, நேர மண்டலப் பிழை. ஆனால் வடிவமைக்கும்போதுதான் வெளியே தெரியும். சர்வர் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இயங்குகிறது, கடை இந்திய நேரத்தில் இயங்குகிறது. 2024 ஏப்ரல் 1 அதிகாலை 1:15-க்குப் போட்ட ஆன்லைன் ஆர்டர், யூடிசியில் மார்ச் 31 இரவு 7:45. அதை அப்படியே தேதியாக வெட்டினால் அந்த ஆர்டர் முந்தைய நாளுக்கு மட்டுமன்று, முந்தைய நிதியாண்டுக்கே போய்விடும். ஆண்டின் மற்ற நாள்களில் யாரும் கவனிக்காத இந்த ஐந்தரை மணி நேரத்தை, ஏப்ரல் முதல் வாரத்தில் ஆடிட்டர் கவனிப்பார்.

மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை, சேமிக்கும்போது யூடிசிக்கும் காட்டும்போது இணைப்பின் மண்டலத்துக்கும் தானே மாற்றிக்கொள்ளும். டேட்டைம் வகை எதையும் மாற்றாது. ஒரே டேபிளில் இரண்டையும் கலந்து வைப்பதைத் தவிர்க்கவும். வேர் பகுதியில் புலத்தை மாற்றுவதற்குப் பதில் எல்லையை மாற்றுவதே முறை: இந்திய நேரப்படி ஏப்ரல் 1 தொடங்குவது யூடிசியில் ‘2024-03-31 18:30:00’. நாள்வாரியாகத் தொகுக்கும்போதோ, முதலில் மண்டலத்தை மாற்றி, பிறகே தேதியை வெட்டி எடுக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ‘அட் டைம் ஸோன்’ என்பதற்குப் பின் '+05:30' என்று சரமாக எழுதினால், பாசிக்ஸ் (யூனிக்ஸ் வழித் தரம்) மரபுப்படி அது கிரீன்விச்சுக்கு மேற்கே ஐந்தரை மணி என்று பொருள்படும். நேரம் 11 மணி தவறும். 'ஏசியா/கொல்கத்தா' என்று மண்டலத்தின் பெயரையே எழுதிவிட்டால் இந்த விபரீதம் இல்லை. மைஎஸ்கியூஎல்லில் கன்வெர்ட்_டிஇசட் சார்புக்கு மண்டலப் பெயரைக் கொடுத்து விடை நல் (null, மதிப்பே இல்லை) என்று வந்தால், உங்கள் தர்க்கத்தைச் சந்தேகிக்கும் முன், சர்வரில் நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் மட்டும் ஆண்டு ஒன்று கூடுதலாகக் காட்டுகிறது. என்ன காரணம்?

வார ஆண்டுக்கான குறியீட்டைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ கணக்கில் முதல் வாரம் என்பது ஆண்டின் முதல் வியாழக்கிழமை அடங்கிய வாரம். அதன்படி 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை, 2025-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் ஐஒய்ஒய்ஒய், மைஎஸ்கியூஎல்லில் சிறிய எக்ஸ், ஜாவாவில் பெரிய ஒய் ஆகியவை வார ஆண்டைத் தருபவை. அவற்றை மாதத்தோடும் நாளோடும் சேர்த்தால் ‘2025-12-30’ என்று வரும். பிற மாதங்களில் உறங்கி, அணி முழுவதும் விடுப்பில் இருக்கும் வாரத்தில் விழிப்பது இதன் சிறப்பு.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதலாமா?

ஒருவர் பிறந்த ஆண்டு ‘65’ என்று பதிவாகியிருக்கிறது எனக் கொள்வோம். ஆரக்கிளின் ஆர்ஆர் குறியீடும் எஸ்கியூஎல் சர்வரின் இயல்பு அமைப்பும் அதை 1965 என்று எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு 49 வரை இந்த நூற்றாண்டு. மைஎஸ்கியூஎல்லுக்கு 69 வரை இந்த நூற்றாண்டு என்பதால் அவர் 2065-இல்தான் பிறப்பார். 1945-இல் பிறந்த மூத்த குடிமகனோ மூன்றிலுமே இன்னும் பிறக்கவில்லை. எழுதாதீர்கள்.

அக்டோபர் 31-உம் டிசம்பர் 25-உம் ஒன்று என்கிறார்களே?

அது பழைய புரோகிராமர் நகைச்சுவை. அக்டோபரின் சுருக்கமான ‘அக்ட்’ எண்மமுறைக்கும், டிசம்பரின் சுருக்கமான ‘டெக்’ பதின்மமுறைக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள். எண்மத்தில் 31 என்பது பதின்மத்தில் 25. ஆகவே ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் ஒன்றே என்பது கணக்கு. இதை வைத்துக் குவெரி எழுத வேண்டியதில்லை.

மாதப் பெயரைத் தமிழில் காட்ட முடியுமா?

முடியும். மைஎஸ்கியூஎல்லில் எல்சி_டைம்_நேம்ஸ் என்னும் அமைப்பை 'டிஏ_ஐஎன்' என்று மாற்றினால், டேட்_ஃபார்மேட், மந்த்நேம், டேநேம் ஆகியவை தமிழ்ப் பெயர்களைத் தரும். எதிர்த்திசையில், சரத்தைத் தேதியாக்கும் எஸ்டிஆர்_டு_டேட் இந்த அமைப்பைக் கண்டுகொள்ளாது. எஸ்கியூஎல் சர்வரின் ஃபார்மேட்டுக்கு மூன்றாவது மதிப்பாக 'டிஏ-ஐஎன்' கொடுக்கலாம். கிடைப்பவை ஜனவரி, பிப்ரவரி என்பவைதாம். சித்திரை, வைகாசி வேண்டுமென்றால் எந்த வடிவக் குறியீடும் உதவாது; அம்மாதங்கள் சூரியன் ராசி மாறுவதைப் பொறுத்துத் தொடங்குவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு மாதத்தின் தொடக்க நாளையும் தனி டேபிளில் ஏற்றி ஜாயின் செய்வதே நடைமுறை வழி.

‘0000-00-00’ என்பது எந்த நாள்?

மைஎஸ்கியூஎல்லின் பழைய தாராள மனப்பான்மையின் நினைவுச்சின்னம். தவறான தேதியைக் கொடுத்தால் மறுக்காமல் இதைப் போட்டுவைக்கும். 5.7 பதிப்பு முதல் இயல்பு அமைப்பில் இது தடுக்கப்பட்டிருக்கிறது. நாட் நல் என்று அறிவித்த தேதிப் புலத்தில் இது இருந்தால், ‘இஸ் நல்’ என்று தேடினாலும் கிடைக்கும். வேறு தரவுத்தளத்துக்கு மாறும்போது அது இதை வாசலிலேயே நிறுத்திவிடும். முன்கூட்டியே நல் ஆக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே வர்காரில் சேமித்த தேதிகளை மீட்க வழி உண்டா?

உண்டு, ஆனால் அந்தப் புலத்தின் மீதே கை வைக்கக் கூடாது. டேட் வகையில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்து, பழையதை அப்படியே விட்டுவையுங்கள். பிறகு, மாற்ற முடியாத பதிவுகளை முதலில் செலக்ட்டில் மட்டும் தேடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் ட்ரை_கன்வெர்ட்டுடன் 103-ஐக் கொடுத்தால், தேதியாகாத சரங்களுக்கு நல் வரும். மைஎஸ்கியூஎல்லின் எஸ்டிஆர்_டு_டேட்டும் செலக்ட்டில் நல் தரும். அதையே நேரே அப்டேட்டில் வைத்தால் கண்டிப்பு முறையில் முதல் மோசமான பதிவிலேயே நின்றுவிடும்.

நல் வந்தவற்றைக் கண்ணால் பாருங்கள். ‘நாளை’, ‘ரமலானுக்குப் பின்’, ‘15.3’, முன்னால் ஒரு வெற்றிடத்துடன் கூடிய சரியான தேதி என்று எல்லாம் அங்கே இருக்கும். அவற்றைவிட ஆபத்தானவை நல் வராமல் தப்பியவை: நாளும் மாதமும் 12-க்குள் இருக்கும் பதிவுகள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்று சரத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பில் எண் ஏறுவரிசையில் போடப்பட்டிருந்தால் அது கைகொடுக்கும். பில் எண்ணின்படி அடுக்கி, மாற்றிய தேதி முந்தைய பில்லின் தேதியைவிடப் பின்னோக்கிப் போகும் இடங்களை லேக் (முந்தைய பதிவின் மதிப்பைத் தரும்) சார்பினால் பிடியுங்கள். நாளும் மாதமும் இடம் மாறிய பதிவுகளில் பெரும்பாலானவை அங்கே அகப்படும். அவற்றைத் திருத்திய பின் அறிக்கைகளைப் புதிய புலத்துக்கு மாற்றி, ஒரு மாதக் கணக்கு முடிந்து தொகை ஒத்துப்போன பிறகு பழைய புலத்தை நீக்குங்கள்.